செரிப்ரல் பால்சி உள்ள குழந்தை: கோலாலம்பூரில் சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் குழந்தைக்குச் செரிப்ரல் பால்சி என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். அல்லது, "வளர்ச்சி கொஞ்சம் தாமதம், பார்ப்போம்" என்று சொல்லி அடுத்த தேதி மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். இந்த நகரத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு இதே வழியில் நடந்த ஒரு தாயாக, எந்தக் கதவை முதலில் தட்டுவது, எந்தக் கேள்வியைக் கேட்பது, எதற்குப் பணத்தை வீணாக்கக் கூடாது என்பதை எழுதுகிறேன். மருந்தின் அளவும் அறுவை சிகிச்சையும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

முதலில் இது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அசைவும் உடல் நிலையும் கட்டுப்பாட்டுக்குள் வராமல் போவதுதான் செரிப்ரல் பால்சி. கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளிலோ அந்தப் பாதிப்பு நேர்கிறது. அதன் பிறகு மூளையில் அது பரவுவதில்லை, மோசமாவதும் இல்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. மூட்டுகள் மடங்கியபடியே இறுகுகின்றன, இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, விழுங்கச் சிரமப்படும் குழந்தை எடை கூடாமல் நின்றுவிடுகிறது. மூளையின் காயத்தை இன்றைய மருத்துவத்தால் ஆற்ற முடியாது. அதன் பின்விளைவுகள் பலவற்றைத் தடுக்க முடியும், தள்ளிப்போட முடியும், குறைக்க முடியும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

காரணம் எது என்று தேடித் தேடி உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவது, பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், கருவிலேயே மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவது எனக் காரணங்கள் பல. எவ்வளவு பரிசோதித்தாலும் காரணம் தெரியாத குழந்தைகளும் இருக்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி சாப்பிட்டது, யாரோ கண் வைத்தது என்று உறவினர்கள் அடுக்குவார்கள். அவற்றில் ஒன்றுகூடக் காரணம் இல்லை. இந்தப் பேச்சை வீட்டுக்குள் நிறுத்தும் பொறுப்பைத் தந்தைமார் எடுத்துக்கொள்ள வேண்டும். தாயே தனக்காக வாதாடும் நிலையை வைக்காதீர்கள்.

படி 1: நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்

நான்கு மாதம் கடந்தும் தலை நிற்கவில்லை. மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகும் கை விரல்கள் எப்போதும் இறுக மூடியே இருக்கின்றன. ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் உட்கார முடியவில்லை. தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னிக்கொள்கின்றன. உடல் விறைத்தோ துவண்டோ இருக்கிறது. பால் குடிக்கும்போது அடிக்கடிப் புரையேறுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையை "இடது கைக்காரன் போலிருக்கிறது" என்று நாம் ரசிப்போம். அந்த வயதில் குழந்தைகள் இரண்டு கையையும் ஒரேபோலப் பயன்படுத்த வேண்டும், ஒன்றை மட்டும் விரும்புவது மறுகையில் பலவீனம் இருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்கு, குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு போங்கள். தடுப்பூசித் தேதி வரும்வரை பொறுக்க வேண்டாம். வீட்டில் நீங்கள் காணும் அசைவுகளைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். கிளினிக்கில் பத்து நிமிடத்தில் குழந்தை அழுதுகொண்டே இருக்கும், எதையும் காட்டாது. அந்தக் காணொளி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அனுபவமுள்ள மருத்துவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பேகூட இந்த நிலையை அடையாளம் காண முடியும் என்று 2017-இல் வெளிவந்த அனைத்துலக வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு வயதுவரை காத்திருந்து நோயின் பெயரைச் சொல்லும் பழைய வழக்கம் மாறிக்கொண்டிருக்கிறது.

பெயர் உறுதியாகாவிட்டாலும் தெரபி தொடங்கலாம். இதை வாய்விட்டுக் கேளுங்கள்: "நோயின் பெயர் பிறகு தெரியட்டும், இப்போதே பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் கடிதம் கொடுங்கள்." முன்னது உடல் அசைவுக்கான பயிற்சி, பின்னது உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி. முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை வேகமாகக் கற்கிறது. அந்தக் காலத்தைக் காத்திருப்பு நாற்காலியில் கழிக்க விடக் கூடாது.

படி 2: எந்த மருத்துவமனை

சிறப்பு மருத்துவரைப் பார்க்க அரசு கிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கோலாலம்பூர்வாசிகளுக்கு அது பெரும்பாலும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையை ஒட்டியிருக்கும் துங்கு அசிசா மருத்துவமனைக்குப் போகும். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே கட்டப்பட்ட மருத்துவமனை அது. லெம்பா பந்தாய் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், செராஸ் பக்கத்தவர்களுக்கு தேசியப் பல்கலைக்கழகத்தின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. செராஸில் சுகாதார அமைச்சின் மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது. உடல் இயக்கத்தை மீட்டெடுக்கும் சிகிச்சைக்கென்றே உள்ள இடம். உங்கள் குழந்தையை அங்கே அனுப்ப முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவில், ஜாலான் உத்தாராவில், சிலாங்கூர் மற்றும் கூட்டரசுப் பிரதேச ஸ்பாஸ்டிக் குழந்தைகள் சங்கம் செயல்படுகிறது. செரிப்ரல் பால்சி உள்ள பிள்ளைகளுக்குக் கல்வியும் தெரபியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடம் அது.

தனியார் மையங்களில் வரிசை குறைவு, கட்டணம் அதிகம். வசதியுள்ளவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். தனியாரில் தெரபி எடுத்தாலும் அரசு மருத்துவமனைக் கோப்பை ஒருபோதும் மூடிவிடாதீர்கள். எக்ஸ்ரே, ஊசி, அறுவை சிகிச்சை, ஸ்பிளிண்ட் (கை கால்களைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி), கல்விக்கான சான்று, நிதியுதவிக்கான கையெழுத்து எல்லாம் அந்தக் கோப்பின் வழியாகத்தான் நடக்கும்.

படி 3: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"என் பிள்ளை நடக்குமா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் பெற, "இயக்கத்தில் எந்த நிலை?" என்று கேளுங்கள். உலகம் முழுவதும் ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைக் குழந்தை படியும் ஏறும், ஓடும், கொஞ்சம் தடுமாறும். இரண்டாம் நிலையில் நடை உண்டு, நெடுந்தூரமும் மேடு பள்ளமும் சிரமம். மூன்றாம் நிலைக்குக் கையில் பிடிக்கும் சாதனம் வேண்டும். நான்காம் நிலைக்குப் பெரும்பாலும் சக்கர நாற்காலி. ஐந்தாம் நிலையில் தலையைத் தாங்குவதே சிரமம். இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் உட்காரும் குழந்தை பிற்பாடு நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். இந்த நிலை எண்ணை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடைந்துபோக வேண்டாம். எந்த ஆபத்தை எப்போது கண்காணிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது.

உடன்வரும் பிரச்சினைகளைப் பற்றியும் கேளுங்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு வலிப்பு இருக்கிறது. நான்கில் மூவருக்கு உடலில் வலி இருக்கிறது. சொல்லத் தெரியாத குழந்தையின் வலியைத்தான் நாம் "அடம்" என்று நினைத்துவிடுகிறோம். காரணம் புரியாமல் இரவெல்லாம் அழுகிறது என்றால் இடுப்பு, மலச்சிக்கல், பல், நெஞ்செரிச்சல் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணையும் காதையும் சோதிக்கக் கடிதம் கேளுங்கள். கடும் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் கேட்கும் திறன் சோதனை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்போல் இருக்கிறது. செரிப்ரல் பால்சி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. பேச வராத குழந்தைக்குப் புரியாது என்று நினைத்து அதன் எதிரிலேயே "பாவம், இதெல்லாம் எதற்குப் பிறந்தது" என்று பேசுபவர்களைத் தடுங்கள். வந்தவர் பெரியவராக இருந்தாலும் தடுங்கள்.

படி 4: வீட்டில் நடக்கும் தெரபி

அரசு மருத்துவமனையில் தெரபி நாள் மாதத்துக்கு ஒன்றோ, இரண்டு மாதத்துக்கு ஒன்றோதான் கிடைக்கும். அதைக் குறைசொல்லிப் பயனில்லை, வரிசை நீளம். அந்த அரை மணி நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் குழந்தையைப் பயிற்றுவித்து முடித்துவிட முடியாது. அங்கே நீங்கள்தான் மாணவர். "இந்த மாதம் வீட்டில் எதைச் செய்ய வேண்டும்? ஒரே ஒரு இலக்கு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் செய்து காட்டுவதை அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள். பிறகு அவர் முன்னாலேயே நீங்கள் செய்து காட்டித் திருத்தம் வாங்குங்கள். மலாயில் சொல்வது புரியவில்லை என்றால் தயங்காமல் மறுபடி கேளுங்கள்.

காலையும் கையையும் பெரியவர் பிடித்து மடக்கி நீட்டுவதால் மட்டும் மூளை எதையும் கற்பதில்லை. குழந்தை தானே முயன்று செய்த அசைவைத்தான் மூளை பதிவு செய்கிறது. இன்றைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: குழந்தைக்குப் பிடித்த, பயனுள்ள ஒரு காரியத்தை அது தானாகச் செய்யும்படி, பலமுறை, நிஜமான சூழலில் பழக்க வேண்டும். ஆகவே இலக்கை வாழ்க்கையிலிருந்து எடுங்கள். கரண்டியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது, குளித்தபின் சட்டைக்குள் கையை நுழைப்பது, பூசையறையில் மணி ஆட்டுவது, தாத்தாவின் நெற்றியில் விபூதி வைப்பது. என் மகளுக்கு எந்தப் பொம்மையும் செய்யாத வேலையை அந்தச் சிறிய மணி செய்தது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், அதனால் கை நீண்டது. குழந்தை முயலும்போது பதறிக் கை கொடுக்காமல் காத்திருங்கள். சிந்தட்டும், நேரமாகட்டும்.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, நன்றாக இயங்கும் கையைச் சில மணி நேரம் கையுறையால் கட்டுப்படுத்தி, பலவீனமான கைக்கு விளையாட்டு வழியே வேலை கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் தெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டே செய்ய வேண்டும்.

நாள் முழுவதும் மல்லாந்தே கிடக்க விடாதீர்கள். விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, மார்புக்கு அடியில் சுருட்டிய துவாலை வைத்து, எதிரே நீங்கள் படுத்துப் பேசுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இரண்டு கைகளும் நடுவில் சந்திக்கும், விளையாட வசதி. உட்காரும்போது பாதம் இரண்டும் தரையிலோ சிறு முக்காலியிலோ பதிய வேண்டும். கால் தொங்கினால் இடுப்பு சரியும், இடுப்பு சரிந்தால் கை தடுமாறும். தானே நிற்க முடியாத குழந்தைக்கு நிற்க வைக்கும் சட்டகம் தேவையா என்று ஒரு வயதுக்குப் பிறகு கேளுங்கள்.

சக்கரம் வைத்த குழந்தை வாக்கரை உறவினர் யாராவது பரிசாகக் கொண்டுவருவார்கள். நன்றி சொல்லிவிட்டு மூலையில் வையுங்கள். அது நுனிக்காலில் உதைக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும், விபத்தும் அதிகம்.

காலில் போடும் ஸ்பிளிண்டைப் பற்றி: நம் ஊர் வெக்கையில் வியர்த்துப் புண்ணாகிவிடும் என்று பலர் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே மடிப்பில்லாத பருத்திக் காலுறை போடுங்கள். கழற்றிய பிறகு சிவந்த தழும்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் ஸ்பிளிண்ட் அளவு தவறு என்று அர்த்தம். உடனே கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள். கால் வளர வளர அது மாற்றப்பட வேண்டியது.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று இருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று சிலர் பயமுறுத்துவார்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தடைபடுவதில்லை. அன்பையும் கோபத்தையும் கொஞ்சலையும் எந்த மொழியில் உங்களுக்கு முழுமையாகச் சொல்ல வருமோ அதில் பேசுங்கள். பேச்சு வரத் தாமதமானால் படங்கள் ஒட்டிய அட்டை, கண்ணால் தேர்ந்தெடுப்பது, கைத்தொலைபேசிச் செயலி என மாற்று வழிகளைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றால் பேச்சு தள்ளிப்போகாது. "தண்ணீரா, பாலா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டுவிட்டுப் பத்து நொடி அமைதியாக இருங்கள். பதில் ஒரு பார்வையாக வரலாம்.

படி 5: சாப்பாடு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளின் உயிருக்கு வரும் ஆபத்துகளில் பெரியது நுரையீரல் தொற்று. உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போவது அதற்கு முக்கியமான காரணம்.

படுக்க வைத்து ஊட்டாதீர்கள். மடியில் சாய்த்து, தலையைப் பின்னால் தள்ளி, வாயில் ஊற்றுவதும் கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழ்நோக்கி இருக்க, நீங்கள் குழந்தையின் முகத்துக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ உட்கார்ந்து ஊட்டுங்கள். மேலிருந்து ஊட்டினால் அது அண்ணாந்து பார்க்கும். ஒரு வாய் விழுங்கியதை உறுதி செய்த பிறகே அடுத்த வாய்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் எல்லோரும் எளிது என்று நினைக்கும் ரசம் சாதம் இந்தக் குழந்தைகளுக்கு மிகக் கடினமான ஒன்று. நீரும் பருக்கையும் வாயில் தனித்தனியே ஓடும். குழந்தை பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் இறங்கிவிடும். பால், மைலோ, தண்ணீர் போன்ற நீர்த்த பானங்களும் அப்படித்தான், வேகமாக ஓடுபவை. பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழைய மசித்த சாதம், கெட்டியான கேழ்வரகுக் கஞ்சி, மசித்த பூசணி, தயிரில் நன்றாக ஊறி ஒரே பதமான இட்லி போன்றவை பாதுகாப்பானவை. பானத்தை எந்த அளவு கெட்டியாக்க வேண்டும் என்று பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள், விழுங்குதலைச் சோதிப்பதும் அவர் வேலைதான். நிலக்கடலை, முறுக்கு, சுண்டல் வேண்டாம்.

சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் தொண்டையில் களகளவென்ற ஈரக்குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரத்துக்கும் மேல். இவை இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். சத்தமே இல்லாமல் உணவு உள்ளே போகும் குழந்தைகளும் உண்டு, அவர்களிடம் இருமல்கூட வராது. அடிக்கடி வரும் காய்ச்சல்தான் அடையாளம்.

எடை ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டுவதைவிடச் செறிவைக் கூட்டுங்கள்: நெய், தேங்காய்ப்பால், முட்டை. அதுவும் போதாமல், வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வழியாக உணவு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் தாய்மார்கள் நொறுங்கிப்போகிறார்கள். "என்னால் என் பிள்ளைக்கு ஊட்டக்கூட முடியவில்லையா" என்ற அழுகையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். குழாய் வைத்தபிறகும், பாதுகாப்பான அளவு, ருசிக்காக வாயில் கொடுக்கப் பல குழந்தைகளை அனுமதிக்கிறார்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரம் ஊட்டுவதிலேயே போய்க்கொண்டிருந்த வீட்டில், அந்த நேரம் விளையாட்டுக்குத் திரும்பி வருகிறது. பயத்தால் மறுத்துவிடாமல், முழுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

படி 6: இடுப்பு எக்ஸ்ரே, மருந்து, ஊசி

மூன்றில் ஒரு குழந்தைக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. நடக்கும் முதல் நிலைக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை, ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்டு. ஆரம்பத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் முதல் எக்ஸ்ரே, பிறகு நிலையைப் பொறுத்து ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை. மருத்துவர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். "மூட்டு எத்தனை விழுக்காடு விலகியிருக்கிறது?" என்று கேட்டு எழுதி வையுங்கள். முப்பதைத் தாண்டினால் எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சிறிய அறுவை சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம்.

இறுக்கத்தைத் தளர்த்த பேக்லோஃபென் போன்ற மருந்துகள் கொடுப்பார்கள். அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஊருக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குறிப்பிட்ட தசைக்கு மட்டும் போடும் போட்டுலினம் ஊசியின் பலன் மூன்று, நான்கு மாதம்தான். அந்தக் காலத்தில் தெரபியும் ஸ்பிளிண்டும் தீவிரமாக நடந்தால்தான் ஊசி போட்டதற்குப் பயன்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999.

குணப்படுத்துவதாகச் சொல்பவர்கள்

ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்லை உடலில் செலுத்துவது), உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை, நரம்பைத் "திறக்கும்" மூலிகை எண்ணெய் என்று விளம்பரங்கள் உங்கள் கைத்தொலைபேசியைத் தேடி வரும். ஆக்ஸிஜன் அறையால் பயனில்லை என்று ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, பணம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய சிகிச்சை ஆகவில்லை. வீட்டை அடகு வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. மெதுவாக எண்ணெய் தேய்த்துவிடுவது குழந்தைக்குச் சுகமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். இறுகிய மூட்டை இழுத்து நீவி நேராக்குகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். நிற்காத குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும், எளிதில் முறியும். பத்துமலைக்கு நேர்ந்துகொள்வதில் தவறே இல்லை. மருத்துவமனைத் தேதியன்று நேர்த்திக்கடனை வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

படி 7: அட்டையும் உதவித்தொகையும்

குழந்தையின் பிறப்புப் பத்திரமும் குழந்தைகளுக்கான அடையாள அட்டையான மைகிட்டும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை இல்லாமல் பின்வரும் எதுவும் நகராது.

மாற்றுத்திறனாளி அட்டையான ஓ.கே.யு. அட்டை, 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகா வழங்குவது. ஏழு பிரிவுகளில் செரிப்ரல் பால்சி உடற்குறைப் பிரிவில் சேரும். அரசு மருத்துவர் பாரத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. "பிள்ளைமேல் முத்திரை குத்திவிடுவார்கள்" என்று தயங்கி, பள்ளி வயதுவரை தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். அட்டையால் பிள்ளையின் நிலை மாறப்போவதில்லை. அரசு மருத்துவமனைக் கட்டண விலக்கு, ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணச் சலுகை, வாகன நிறுத்துமிடச் சலுகை எல்லாம் அதோடு வருகின்றன.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையைப் பராமரிப்பதற்கென்று சமூகநல இலாகாவின் மாத உதவித்தொகை இருக்கிறது. சக்கர நாற்காலி, ஸ்பிளிண்ட் போன்றவற்றுக்குத் தனி உதவி உண்டு. மருத்துவமனையிலேயே சமூகப்பணிப் பிரிவு ஒன்று இருக்கும். "இதை வாங்க வசதியில்லை" என்று மருத்துவரிடம் சொன்னால் அங்கே அனுப்புவார். வெட்கப்பட்டு வாங்காமல் விடும் ஸ்பிளிண்டுக்குப் பதில் பின்னாளில் அறுவை சிகிச்சை வரும். வருமான வரி கட்டுபவர்களுக்கு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான வரி விலக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 ரிங்கிட். துணைச் சாதனங்கள் வாங்கிய செலவுக்கு 6,000 ரிங்கிட் வரை தனியாக உண்டு. இரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்களும் சமூகநல இலாகாவின்கீழ் இயங்குகின்றன. பிள்ளை பகலில் போய்ப் பயிற்சி பெறலாம், மாதம் 150 ரிங்கிட் படித்தொகையும் உண்டு. தரம் மையத்துக்கு மையம் வேறுபடும். சேர்ப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுது அங்கே உட்கார்ந்து பாருங்கள்: பிள்ளைகளோடு பேசுகிறார்களா, சாப்பாடு எப்படி ஊட்டுகிறார்கள் என்று.

படி 8: பள்ளி

ஐந்து வயதிலேயே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். உடல் இயக்கத்தில் மட்டும் சிரமம் உள்ள பிள்ளை சாதாரண வகுப்பிலேயே படிக்கலாம். தரைத்தள வகுப்பறை, சாய்தளம், எழுதக் கூடுதல் நேரம் ஆகியவற்றைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். கற்றலிலும் உதவி தேவைப்பட்டால் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது. சில தமிழ்ப்பள்ளிகளிலும் இந்த வகுப்பு நடக்கிறது, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பட்டியல் கேட்டு வாங்குங்கள். சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் படித்தொகை உண்டு.

"தனியாகக் கழிப்பறைக்குப் போகத் தெரியாவிட்டால் சேர்க்க முடியாது" என்று ஒரு பாலர் பள்ளி எங்களைத் திருப்பி அனுப்பியது. அரசுப் பள்ளியில் இப்படிச் சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் நிராகரிக்கக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. மருத்துவ அறிக்கையோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கே போய்ப் பேசுங்கள்.

உங்கள் முதுகும் உங்கள் தூக்கமும்

பிள்ளை பத்துக் கிலோவாக இருந்தபோது தூக்கியதுபோல் முப்பது கிலோவில் தூக்க முடியாது. முழங்காலை மடக்கி, பிள்ளையை உங்கள் உடம்போடு ஒட்டி அணைத்துத் தூக்கும் முறையை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். தந்தை, பாட்டி, மூத்த பிள்ளை என்று இன்னொருவரும் ஊட்டவும் மருந்து கொடுக்கவும் பழகியிருக்க வேண்டும். தாய் காய்ச்சலில் விழுந்தால் வீடு நின்றுவிடக் கூடாது. மின்தூக்கி அடிக்கடிப் பழுதாகும் அடுக்குமாடியில் உயரத்தில் குடியிருப்பவர்கள், மருத்துவக் கடிதத்தோடு கீழ்த்தள வீட்டுக்கு மனுக் கொடுத்துப் பாருங்கள். மற்ற பிள்ளைகளுக்கென்று வாரத்தில் கொஞ்ச நேரமாவது ஒதுக்குங்கள், அவர்கள் கேட்காமலே விட்டுக்கொடுத்துப் பழகிவிடுகிறார்கள்.

தூக்கமே வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ஒரு தாளில் மலாயில் எழுதிக் கைப்பையிலேயே வைத்திருங்கள்: பிள்ளையின் பெயர், நோயின் பெயர், இயக்க நிலை, மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, விழுங்கும் பதம், கடைசி இடுப்பு எக்ஸ்ரேயின் தேதியும் விழுக்காடும், பொறுப்பு மருத்துவரின் பெயர். நள்ளிரவில் அவசரப் பிரிவில் உங்களுக்கு வாய் வராது, அந்தத் தாள் பேசும். பிள்ளை வளர்ந்து குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது, அங்கிருக்கும் புதிய மருத்துவர் முதலில் கேட்பதும் அதில் இருப்பவற்றைத்தான். மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதி, தேதி போட்டு வையுங்கள்.